இடைவேளையில் நிறுத்திய படம்

அக்கா,

“மிச்சப் படத்தப் பாத்துட்டீங்களா டீச்சர்?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கேட்டீர்கள். ஆலயத்துக்குப் பின்னாலிருக்கும் கூடத்தில், சன்னல்களில் கறுப்புக் கம்பளிகளைக் கட்டி முடித்துவிட்டு, கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டீர்கள். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “இல்லக்கா” என்றேன். அது பொய்.

இன்று காலை அந்தக் கம்பளிகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். பாச்சை உருண்டை வாசத்துக்கு அடியில் அந்தக் கூடத்தின் வெக்கையும், அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் வியர்வையும் அப்படியே இருந்தன. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டன. வருகிற ஞாயிறு உங்கள் இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று ஆயர் சொல்லிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவளுக்கு இதில் என்ன பயம் என்று அவர் நினைக்கிறார். ஒரே கம்பளியை மூன்று முறை பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருப்பதை அவர் பார்க்கவில்லை. நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். சபை மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். போடட்டும். நான் சொன்ன பொய்யை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

உங்களைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் புதுக்கோட்டையில் ஒரு தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுத்தவர். கொடுத்து முடித்ததும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்று படம் பார்ப்பீர்கள். இடைவேளை மணி அடித்ததும் அடுத்த ஆட்டத்துக்கு வரிசை சேர்ந்துவிடும், கவுண்டருக்குத் திரும்பிவிட வேண்டும். இருபது வருடம் இப்படியே. “நான் பாத்ததெல்லாம் முதல் பாதிதான் டீச்சர். எத்தனை பேரு செத்தாங்க, எத்தனை கல்யாணம் நடந்துச்சு, ஒண்ணும் தெரியாது” என்று சிரிப்பீர்கள். வேலையை விட்டுக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் நம் ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டிவியில் இடைவேளை விளம்பரம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். கேட்டால், முடிவு தெரிந்துவிட்டால் யோசிக்கிறது நின்றுபோகிறது என்பீர்கள்.

நம் சபையில் லெந்து என்றால் பூ வைப்பதில்லை, கறி எடுப்பதில்லை, சினிமா பார்ப்பதில்லை. அந்த நாற்பது நாளில்தான் நீங்கள் சினிமா காட்ட வேண்டும் என்று கேட்டீர்கள். சபைக் கமிட்டியில் பெரிய மூப்பர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். “தியேட்டர்ல இருந்த பழக்கம் ஒனக்குப் போகலயாம்மா? இங்கிட்டும் டிக்கெட் கிழிக்கப் போறியா?”

நீங்கள் கோபப்படவில்லை. “கெட்ட குமாரன் கதை தெரியும்ல ஐயா. சொத்த அழிச்ச எளையவன் திரும்பி வந்துட்டான். உள்ள விருந்து நடக்குது. மூத்தவன் கோவிச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறான். அப்பா வெளிய வந்து வருந்திக் கூப்புடுறாரு. அப்புறம் அவன் உள்ள போனானா?”

மூப்பர் யோசித்தார். நானும் யோசித்தேன். சிறு வயதிலிருந்து எத்தனை முறை கேட்ட கதை. போனானா என்று எனக்கும் தெரியவில்லை.

“போனானா இல்லையான்னு சொல்லாமலே விட்டுட்டாரு. ஆண்டவரே இடைவேளையோட நிறுத்தியிருக்காரு. நான் நிறுத்தக் கூடாதா?”

ஆயர் சிரித்துவிட்டார். மூப்பர் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிறு மூன்று மணிக்கு, வெயில் தெரியாமல் சன்னலை அடைத்துவிட்டு, சாதாரணத் தமிழ்ப் படம் ஏதாவது ஒன்று. இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்னால் நீங்கள் எழுந்து போய்ப் புரொஜெக்டர் முன்னால் உள்ளங்கையை வைப்பீர்கள். திரை முழுக்க உங்கள் விரல்களின் நிழல் விழும். “இப்ப இந்த இடத்துல நாம இருந்தா?” என்பீர்கள். பதிலை உடனே சொல்லக் கூடாது. ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்து அடுத்த ஞாயிறு சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மறுபாதி. லேப்டாப் வேலை எனக்கு. நமக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம்தான், நாம் இருவரும் மறுபாதியை முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. “நமக்கு முடிவு தெரிஞ்சுதுன்னா நம்ம மூஞ்சி காட்டிக் குடுத்துரும் டீச்சர்.”

என்னால் அது முடியவில்லை, அக்கா. பாடத்தைக் கடைசிவரை படிக்காமல் ஒரு நாளும் வகுப்புக்குள் போனவள் இல்லை. படம் நடுவில் மக்கர் பண்ணுமோ என்று ஓட்டிப் பார்க்கிற சாக்கில், மூன்றாவது படத்தைச் சனிக்கிழமை வீட்டிலேயே முழுக்கப் பார்த்துவிட்டேன்.

அது அடிதடிப் படம்தான். ஆனால் முதல் பாதியில் ஒரு குடும்பம். பொண்டாட்டியை அடித்து நொறுக்கிவிட்டு இன்னொருத்தியோடு போன புருஷன், வருடங்கள் கழித்துச் சீக்காளியாய்த் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். மகன் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறான். அம்மாவின் கை தாழ்ப்பாளுக்குப் போகிறது. அங்கேதான் இடைவேளை. இடைவேளை முடிந்த கையோடு அவள் கதவைத் திறப்பாள். மூன்றாம் நாள் அவன் அவளைக் கொன்றுவிடுவான். மகன் பழிவாங்குவதுதான் மிச்சப் படம்.

தாழ்ப்பாளில் அந்தக் கை இருக்கும்போது உங்கள் கை திரையில் விழுந்தது. “கதவத் திறக்கிறதா, வேணாமா? போயி யோசிச்சிட்டு வாங்க” என்றீர்கள். மூன்றாவது வரிசையில் ஞானம்மா இருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அவளை விட்டுப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். இப்போது உடம்பு கெட்டுத் திரும்பி வந்து அவன் அக்கா வீட்டில் கிடக்கிறான், தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறான் என்பது ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். படத்தைத் தேர்ந்தெடுத்தபோது நம் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

எனக்கு இன்னொன்றும் தெரியும். ஞானத்தின் மகள் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தாள். ஒரு நாள் ஞானம் கையில் கட்டோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். “கெணத்தடியில வழுக்கிட்டேன் டீச்சர்” என்றாள். அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று நான் உள்ளே போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பால்காரம்மா சொன்னாள். “ஞானம் வீட்டுக்காரன் வந்துட்டானாம்ல. இவளே போயி ஆட்டோல வச்சுக் கூட்டியாந்தாளாம்.” பால் சொம்பை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நாம் நிறுத்திய இடத்திலிருந்து அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள். மறுபாதியில் என்ன இருக்கிறது என்று கூடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். போய்ச் சொல்லலாம். சொன்னால், ஒப்பந்தத்தை மீறிப் பார்த்தேன் என்பதையும், உங்கள் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு உயிரைவிட என் மரியாதை பெரிதா என்று இப்போது எழுதும்போது எளிதாகக் கேட்டுக்கொள்ள முடிகிறது. அன்றைக்கு, படம் வேறு வாழ்க்கை வேறு என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு ஒரு நாளைக் கழித்தேன்.

புதன்கிழமை மதியம் தாங்க முடியாமல் அவள் தெருப் பக்கம் போனேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஞானம் பக்கத்துச் சந்திலிருந்து வேகமாக வந்தாள். கையில் அரிவாள். முகத்தில் ஒன்றும் இல்லை. என்னைக் கவனிக்கவே இல்லை. நான் கூப்பிடவும் இல்லை, அக்கா. திரும்பி நடந்தேன். செருப்பு வார் அறுந்ததுகூட வீட்டு வாசலில் வந்துதான் தெரிந்தது. அன்றெல்லாம் எனக்குள் இரண்டு படம் ஓடியது. ஒன்றில் அவன் அவளைக் கொன்றான், இன்னொன்றில் அவள் அவனை. இரண்டையும் ஆரம்பித்துவைத்தது அந்தக் கூடம்தான், லேப்டாப்பில் விரலை வைத்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நின்றபடியே சொல்லிவிட்டேன். “மிச்சத்தப் பாத்துட்டேன்கா. அந்தம்மா செத்துருவா.”

உங்கள் கை அப்படியே நின்றது. “ஏன் டீச்சர் இல்லன்னு சொன்னீங்க?”

“நீங்க வருத்தப்படுவீங்கன்னு.”

நீங்கள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து கையைக் கழுவினீர்கள், சரியாகத் துடைக்காமலே செருப்பைப் போட்டுக்கொண்டீர்கள். முந்திரிக்காட்டு வழியே போனால் சீக்கிரம் என்றீர்கள். வழி முழுக்கப் பழம் உதிர்ந்து புளித்துக் கிடந்தது. அந்த வாசம் எங்கே வந்தாலும் இன்றும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். பாதி வழியில் நீங்கள் நின்று, “என்னையப் பிடிச்சுக்கங்க, கண்ணக் கட்டுது” என்றீர்கள். நீங்கள் பயந்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

ஞானம் வாசலில் சாக்கை விரித்துக்கொண்டு பழத்திலிருந்து முந்திரிக்கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன்.

“வாங்க டீச்சர், வாங்கக்கா. என்ன இந்த வெயில்ல ரெண்டு பேரும் இங்கிட்டு?”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான்தான் சொன்னேன். “ஞானம், அந்தப் படத்துல மிச்சம் இருக்குல்ல. கதவத் திறந்த அந்தம்மாவ அவன் கொன்னுருவான்.”

அவள் என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “அதச் சொல்லவா காட்டு வழியா வந்தீங்க? அந்தப் படத்தப் பொங்கலுக்குப் பொங்கல் டிவியில போடுறான் டீச்சர். எம் மகளுக்கு வசனம் பூராவும் மனப்பாடம். ஊரே பாத்திருக்கு.”

“ஊரேவா?” என்றீர்கள்.

“மூப்பரும் பாத்திருக்காரு. நீங்க ஆசையா நிறுத்துறீங்க, கைய வைக்கிறீங்க. எதுக்குச் சொல்லிக்கிட்டு. ‘யாரும் முடிவச் சொல்லிப்புடாதீங்க, அது மனசு சங்கடப்படும்’னு அவருதான் வெளிய வச்சு எல்லாருக்கும் சொன்னாரு.”

அறுபது பேர் இருக்கிற கூடத்தில் மறுபாதி தெரியாதவர் நீங்கள் ஒருவர்தான். அதை மறைத்துக்கொண்டு நான் நாலு நாள் செத்துக்கொண்டிருந்தேன். மாணவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் பழக்கம், பென்ஷன் வாங்கிய பிறகும் என்னை விடவில்லை.

நீங்கள் சிரிக்கவில்லை. அவள் எதிரில் குந்தி உட்கார்ந்துகொண்டு கேட்டீர்கள். “முடிவு தெரிஞ்சுமா கூட்டியாந்த?”

ஞானம் ஒரு கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டாள். “தெரிஞ்சதுனாலதான் வீட்டுக்கு வெளிய கொட்டாயில வச்சிருக்கேன். அந்தம்மா வீட்டுக் கதவத் தொறந்துச்சு. நான் கொட்டாயத் தொறந்திருக்கேன். வீட்டுக்கு உள்தாப்பா போட்டுக்கிறேன். அரிவாள நேத்தே கொண்டுபோயி எதுத்த வீட்டுல குடுத்துட்டேன். பங்காளிகளக் கூப்பிட்டு, சத்தம் கேட்டா ஓடியாரணும்னு சொல்லியிருக்கேன். மூணு வேளையும் எலையில சோத்த வச்சுத் தள்ளி வைக்கிறேன்.”

வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் யாரோ இருமினார்கள். கயிற்றுக் கட்டிலில் எலும்பும் தோலுமாய் ஓர் ஆள். நான் பயந்து நடுங்கிய கொலைகாரன்.

“அப்ப மன்னிச்சிட்டியா?” என்று நான் கேட்டேன். விடை தெரிந்துகொண்டு கேட்கிற கேள்வி போலத்தான் கேட்டேன்.

“சோறு போடுறேன் டீச்சர். அது வரைக்கும்தான் வந்திருக்கேன். அதுக்கு மேல ஆண்டவரு தள்ளிக்கிட்டுப் போனா பாப்போம்.”

“பயமா இல்லயா ஞானம்?” இது நீங்கள்.

“பயந்தான்க்கா. அந்தாளு இருமுனாகூட எங்கை தன்னால தலைய மறைக்கப் போகுது. பயம் போகட்டும்னு உக்காந்திருந்தா அதுக்குள்ள அந்தாளு செத்துரும்.” பிறகு என்னைப் பார்த்தாள். “கெணத்தடியில வழுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே டீச்சர்?”

“தெரியும்” என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன இரண்டாவது உண்மை. ஒரு பழத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அந்த ஞாயிறு மறுபாதியைப் போட வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். ஞானம்தான் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டு, “போடுங்கக்கா” என்றாள். முதல் இரண்டு படத்துக்கும் மறுபாதி ஓடும்போது வெளியே போய்விட்ட நீங்கள், முதல்முறையாக ஒரு படத்தின் மறுபாதியை உட்கார்ந்து பார்த்தீர்கள். அந்தம்மா சாகும் இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தடம் பதிந்துவிட்டது. படம் முடிந்ததும் ஞானம் எழுந்து, தாழ்ப்பாளைப் பற்றியும் கொட்டகையைப் பற்றியும் எங்களிடம் சொன்னதையே எல்லோருக்கும் சொன்னாள். பெரிய மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கொட்டகைக் கூரை ஒழுகுமே, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நீங்கள், “எத்தனை பேரு பாத்துட்டீங்க? மறைக்காமக் கையத் தூக்குங்க” என்பீர்கள். எல்லாக் கையும் உயரும். “சரி, தெரிஞ்சே யோசிங்க” என்பீர்கள்.

போன ஐப்பசியில் உங்களைப் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் மதியச் சாப்பாட்டுக் கூடையோடு வந்தேன். பேச்சு குறைந்துவிட்டிருந்தது. சன்னலுக்கு வெளியே டவுன் பஸ் போகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று திரும்பி, “டீச்சர், மிச்சத்தப் பாத்துட்டீங்களா?” என்றீர்கள்.

எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பவள் நான். மண்ணில் விழுகிற விதை, கூடு மாறுகிற புழு என்று பிள்ளைகளுக்கு எத்தனை சொல்லியிருக்கிறேன். அன்று ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. உங்கள் கண்ணில் இருந்த பயத்துக்கு முன்னால் அவையெல்லாம் கரும்பலகையில் அழித்த எழுத்தாகப் போய்விட்டன.

“இல்லக்கா. பாக்கல.”

“நெசமாவா?”

“சத்தியமா பாக்கல.”

“பயமா இருக்கு டீச்சர்.”

“எனக்குந்தான்கா.”

“அப்ப கையக் குடுங்க” என்றீர்கள். கொடுத்தேன். அந்தப் பிடியில் பழைய பலம் இல்லை. சாப்பாட்டைக் கடைசிவரை திறக்கவில்லை. அந்த வாரமே நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த ஞாயிறு நான் கையை நீட்டிப் படத்தை மறைக்க வேண்டும். அந்த இருட்டில் யார் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருப்பார்கள், எழுந்து போய் எந்தக் கதவைத் திறப்பார்கள், தாழ்ப்பாள் போட மறந்துவிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருப்பதைப் போலப் பயம் வேறொன்றில் இல்லை. நேற்று ஞானம் போன் பண்ணினாள். அவள் புருஷன் இன்னும் கொட்டகையில்தான். அவள் இன்னும் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். போன மாதத்திலிருந்து இலையைத் தள்ளி வைப்பதில்லையாம், கையில் கொடுக்கிறாளாம். “கை நடுங்கத்தான் செய்யுது. நீங்க வாங்க டீச்சர், நான் முன்னாடி உக்காந்துக்கிறேன்” என்றாள்.

கம்பளிகளை வெயிலில் போட்டிருக்கிறேன், அக்கா. வாசம் போகாது என்று தெரியும். நீங்கள் பிடித்த மணிக்கட்டில் இன்று வளையல் போடவில்லை. அந்தக் கையைத்தான் ஞாயிறு நீட்டுவேன். மறுபாதியை நான் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. இந்த வாரம் வீட்டில் ஏதாவது படம் பார்த்தால், இடைவேளையில் நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவரிடம், இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.